பகடையும் அட்டவணையும்

விடிவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கின்றது. குன்னத்துகாலிலிருந்து காரக்கோணம் நோக்கி நால்வர் நடந்து செல்கின்றனர். அவர்களுள் ஒருவர் நீங்கள். வலப்பக்கத்து ரப்பர் தோட்டத்தில் சருகு மிதிபடும் ஓசை கேட்கின்றது. வருவது யார்?

இவ்வினாவுக்குரிய விடை கதை சொல்பவருக்கும் தெரியாது. அவர் இரண்டு பகடைகளை உருட்டுகின்றார். விழுந்த எண்களைக் கூட்டுகின்றார். தம் கையிலுள்ள தாளில் அவ்வெண்ணுக்கு நேரே எழுதியிருப்பதைப் படிக்கின்றார். அதன்பின் நால்வரும் தாம் என்ன செய்வர் என்று ஒருவர்பின் ஒருவராகச் சொல்ல, கதை நகர்கின்றது. பாத்திரமேற்று ஆடும் இவ்விளையாட்டில் கதை நடத்துநர் வைத்திருக்கும் தாளை வாய்ப்பு அட்டவணை எனலாம். அத்தகைய அட்டவணையையும், அதைக் கணினியில் இயக்கும் சிறு கருவியையும் தமிழில் எவ்வாறு அமைப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

இவ்வகை விளையாட்டு அச்சு வடிவில் முதன்முதலாகப் பரவியது அமெரிக்காவில். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் விதிப்படி, நிலவறையில் அலையும் வீரர்களுக்காக நடத்துநர் ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்டுவார். 6 விழுந்தால் ஏதோ ஓர் அரக்க உயிர் எதிர்ப்படும். எது என்பதை அட்டவணை சொல்லும். விளையாட்டு புதிது, அட்டவணை புதிதன்று. நம் பஞ்சாங்கங்களில் அச்சிடப்படும் இராமர் சக்கரத்தையும் சீதை சக்கரத்தையும் பார்த்திருப்பீர்கள். கண்ணை மூடிக் கட்டம் ஒன்றைத் தொட்டு, அதிலுள்ள எண்ணுக்குரிய பலனைப் படிப்பர். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அமைப்பைப் பொறுத்தவரை அதுவும் வாய்ப்பு அட்டவணையே. பகடையோ அதனினும் பழமையானது. கீழடி அகழாய்வில் தந்தத்தாலான பகடைக்காய்கள் கிடைத்துள்ளன.

தாயம் ஏன் விழ மறுக்கின்றது?

அட்டவணை எழுதத் தொடங்குமுன் பகடையின் இயல்பை அறிய வேண்டும். இதற்குத் தாயக்கட்டையே நல்ல ஆசிரியர். நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். அவற்றில் ஒரு புள்ளி, இரு புள்ளி, முப்புள்ளி, வெறுமை. இரண்டையும் உருட்டினால் மொத்தம் 16 வகைகளில் விழலாம். கூட்டுத்தொகை 3 வருவதற்கு நான்கு வழிகள் உள்ளன. 2, 4 ஆகியவற்றுக்கு மும்மூன்று. 1, 5 ஆகியவற்றுக்கு இவ்விரண்டு. 6 வருவதற்கு ஒரே வழிதான். இரண்டும் வெறுமையாக விழுந்து 12 எனக் கொள்ளப்படுவதற்கும் ஒரே வழிதான்.

ஆட்டத்தில் காய் இறங்கத் தேவையான தாயம், அதாவது 1, பதினாறில் இரண்டு; எட்டில் ஒன்று. ‘அப்படியானால் எட்டு முறை உருட்டினால் ஒரு முறை கட்டாயம் விழும்’ என்று எண்ணிவிடாதீர்கள். எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதிருப்பதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 34 விழுக்காடு. மூவர் ஆடினால் ஒருவர் முகம் வாடியிருப்பதற்குக் காரணம் கெட்ட நேரமன்று, கணக்கு.

அறுமுகப் பகடை இரண்டை உருட்டினாலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. மொத்தம் 36 வகைகள். 7 வருவதற்கு ஆறு வழிகள். 2 வருவதற்கும் 12 வருவதற்கும் ஒவ்வொரு வழி. ஒரே பகடையை உருட்டினால் ஆறு எண்களுக்கும் வாய்ப்பு சமம். ஆகவே அட்டவணை எழுதுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான்: எல்லா வரிகளும் சமமாக வரவேண்டுமா, சில அடிக்கடியும் சில அருமையாகவும் வரவேண்டுமா?

எம் வகுப்பில் முதலில் ஒற்றைப் பகடைக்கு ஆறு வரிகள் எழுதச் சொன்னேன். வந்தவை: புலி, யானை, திருடன், நிலச்சரிவு, கருநாகம், பேய். உருட்டி ஆடினோம். நால்வரில் ஒருவரும் காரக்கோணம் போய்ச் சேரவில்லை. இரண்டாம் வளைவிலேயே கதை முடிந்துவிட்டது. மறுமுறை ஆடியபோதும் அவ்வாறே. நாள்தோறும் அதே சாலையில் பள்ளிக்கு வரும் மாணவர் ஒருவர், “ஐயா, இந்தச் சாலையில் உண்மையில் ஒன்றும் நடப்பதில்லையே” என்றார். அதுவே வேண்டியிருந்த சொல். ஒன்றும் நடவாத சாலையில் ஒருநாள் ஏதோ நடக்கும்போதுதான் கதை பிறக்கின்றது. இயல்பானவற்றை நடுவிலும் அரியவற்றை ஓரங்களிலும் வைத்து, இரு பகடைக்கு ஏற்பத் திருத்தி எழுதினோம்.

2 – வழிதவறி வந்த காட்டுயானை
3 – அறுந்து தொங்கும் மின்கம்பி
4 – சாரைப்பாம்பு
5 – குறுக்கே சாய்ந்து கிடக்கும் மரம்
6 – பால்வெட்டுக்குச் செல்லும் தொழிலாளர்
7 – மழை
8 – மரச்சீனி சுமந்து வரும் முதியவர்
9 – தனிப்பயிற்சிக்குச் செல்லும் சிறுவர்கள்
10 – வழக்கத்துக்கு மாறாக முன்னதாகவே வந்துவிட்ட பேருந்து
11 – கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவரும் பசு
12 – பல்லாண்டுகளுக்குமுன் ஊரைவிட்டுச் சென்ற உறவினர்

எட்டாம் வரியில் மரவள்ளிக்கிழங்கு என்றே நான் எழுதியிருப்பேன். எங்கள் காவிரிக்கரையில் அதுதான் பெயர். மரச்சீனி என்றது வகுப்பு. வகுப்பின் சொல்லே நின்றது. பன்னிரண்டாம் வரி எழுதியவரை அனைவரும் பாராட்டினர். அவ்வரி விழுந்த அன்று, யானை வந்திருந்தாலும் நால்வரும் அவ்வளவு திகைத்திருக்கமாட்டார்கள்.

கணினிக்குச் சொல்லிக்கொடுத்தல்

தாளில் உள்ளதைக் கணினிக்கு மாற்றுவது கடினமன்று. பைத்தான் மொழியில் வரிகளை ஒரு பட்டியலாகத் தந்து, ஒன்றைத் தேர்ந்தெடு என்று கட்டளையிட்டால் போதும். ஒவ்வொரு வரிக்கும் ‘எடை’ எனப்படும் எண்ணையும் தரலாம். மழைக்கு 6, யானைக்கு 1 என்று கொடுத்தால், இரு பகடை தரும் அதே விகிதத்தில் அவை வரும். எடையைக் கொண்டு, பகடையால் இயலாததையும் செய்யலாம்: ஆனி, ஆடி மாதங்களில் மழையின் எடையை 15 ஆக்கிவிடலாம்.

வந்த வரி மீண்டும் வரலாமா என்பதும் வடிவமைப்பவர் முடிவுசெய்ய வேண்டிய ஒன்று. மழை மீண்டும் வரலாம். ஊரைவிட்டுச் சென்ற உறவினர் ஒரே காலையில் மும்முறை திரும்பிவந்தால் நகைப்புக்கிடமாகும். அத்தகைய வரிகளை ஒருமுறை வந்ததும் பட்டியலிலிருந்து நீக்குமாறு கருவிக்குச் சொல்ல வேண்டும்.

கணினி உண்மையில் எதையும் உருட்டுவதில்லை. ஒரு தொடக்க எண்ணை எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டுப் போட்டு, பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றும் எண்வரிசை ஒன்றை உண்டாக்குகின்றது. பைத்தான் இதற்குப் பயன்படுத்தும் முறைக்கு மெர்சென் ட்விஸ்டர் என்று பெயர். மகோட்டோ மட்சுமோட்டோ, தக்குஜி நிஷிமுரா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் 1997இல் அமைத்தது. தொடக்க எண்ணை ‘விதை’ என்பர். ஒரே விதையை இட்டால் ஒரே வரிசைதான் முளைக்கும். இது குறையன்று. கருவியில் பிழை தோன்றினால் அதே விதையை மீண்டும் இட்டு, அதே பிழையை வரவழைத்துத் திருத்தலாம்.

பிழைகள் வரத்தான் செய்தன. ஆனால் அவை கணக்கிலிருந்து வரவில்லை; இலக்கணத்திலிருந்து வந்தன.

வரிகளை வெறும் பெயராகக் காட்டாமல், ‘நீங்கள் இன்னதைக் கண்டீர்கள்’ என்று முழு வாக்கியமாகக் காட்டக் கருவியை மாற்றினோம். பெயரை எடு, ‘ஐ’ சேர், ‘கண்டீர்கள்’ என முடி என்பது கட்டளை. ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்கு இவ்வளவே போதும். அங்கே மரத்தின் பெயர் எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் மாறாது. நம் திரையில் வந்தவை: ‘மரம்ஐ’, ‘பாம்புஐ’, ‘பசுஐ’. வகுப்பே சிரித்தது. எட்டாம் வகுப்பு மாணவருள் பலர் புணர்ச்சி விதியைப் படித்ததில்லை. ஆனாலும் தவறு என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. காதுக்குத் தெரிந்திருந்த விதியைக் கணினிக்காக வெளியே எடுத்து எழுத வேண்டியதாயிற்று.

மகர ஈற்றுப் பெயர் ‘அத்து’ என்னும் சாரியை பெறும்: மரம், மரத்தை. பசு ‘வ்’ என்னும் உடம்படுமெய் பெறும்: பசுவை. கிளி ‘ய்’ பெறும்: கிளியை. கல், மண் போன்று தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டிக்கும்: கல்லை, மண்ணை. வீடு, காடு, வயிறு போன்ற குற்றியலுகரச் சொற்களில் டகரமும் றகரமும் இரட்டிக்கும்: வீட்டை, காட்டை, வயிற்றை. இவ்விறுதி விதியை எழுதிய மாணவர், ‘று’ என முடிந்தால் இரட்டி என்று மட்டும் எழுதினார். கன்று வந்தபோது திரையில் ‘கன்ற்றை’ தோன்றியது. கன்று மென்தொடர், அங்கே இரட்டிப்பு இல்லை, கன்றை என்பதே சரி. ‘று’வுக்கு முன் நிற்பது மெய்யா, உயிர் ஏறிய எழுத்தா என்று கருவி முதலில் பார்க்க வேண்டும்.

மகர ஈற்றிலும் ஒரு சிக்கல் எழுந்தது. கடைசி எழுத்தை நீக்கி ‘த்தை’ சேர் என்றதற்குக் கருவி ‘மரமத்தை’ என்றது. நமக்கு ‘ம்’ ஓர் எழுத்து. ஒருங்குறியிலோ அது இரண்டு குறியீடுகள்: மகரம் ஒன்று, அதன் தலைமேல் உள்ள புள்ளி ஒன்று. கருவி புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு, மெய்யைக் கொண்டுபோய் உயிர்மெய்யாக்கிவிட்டது. இரண்டையும் நீக்கச் சொன்னபின் மரம் மரத்தையாயிற்று.

இன்னும் ஒன்று. ஆறு என்னும் சொல் பகடையிலும் இருக்கின்றது, ஊரிலும் இருக்கின்றது. எண்ணானால் ‘ஆறால் வகு’ என்போம். நீரானால் ‘ஆற்றால் பயன்’ என்போம். எழுத்து ஒன்றே, புணர்ச்சி வேறு. இதைக் கணினி தானே அறிய வழியில்லை. ஆதலால் என் கருத்து இது: நாற்பது ஐம்பது பெயர்கள் கொண்ட சிறு கருவிக்கு விதிகளை அடுக்குவதைவிட, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ‘ஐ’ ஏற்ற வடிவத்தைக் கையாலேயே எழுதி வைப்பது மேல். விதி எழுதிப் பார்ப்பது நாம் கற்பதற்கு. கருவி பிழையின்றி ஓடுவதற்குக் கையெழுத்தே போதும்.

வினைமுற்றுக்கும் தனி நிரல் வேண்டும். யானை வந்தது, முதியவர் வந்தார், சிறுவர்கள் வந்தனர், பசுக்கள் வந்தன. பெயரின் திணையும் பாலும் எண்ணும் அறியாமல் தமிழில் ஒரு வினையை முடிக்க இயலாது. மலையாளத்தில் இதே கருவியைச் செய்தால் இத்தொல்லை இல்லை. யார் வந்தாலும் எது வந்தாலும் ‘வன்னு’ என்னும் ஒரே சொல். இருமொழியும் வழங்கும் வீடுகளிலிருந்து வருபவர்கள் ‘முதியவர் வந்தது’ என்று எழுதிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் அதே மலையாளம் மற்றோரிடத்தில் உங்களுக்குக் கை கொடுக்கின்றது. மரத்தில், வீட்டில், ஆற்றில் என்னும் வடிவங்கள் இருமொழிக்கும் பொது. இரட்டிப்பு விதியை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை; பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கின்றது. நெய்யாறு என்பதுடன் ‘இன்’ சேர்ந்து நெய்யாற்றின்கரை. குன்னத்துகால் என்று சொல்லிப் பாருங்கள், ‘அத்து’ கேட்கின்றது.

குடத்தினுள் இருப்பது

கருவி ஓடத் தொடங்கியபின் ஒவ்வொரு குழுவும் தனக்கென ஓர் அட்டவணை எழுதியது. அவற்றுள் சந்தைக்குச் செல்லும் சாலையைப் பற்றிய அட்டவணை ஒன்றில், ‘பாண்டி லாரி ஒன்று மோதிவிட்டு நிற்காமல் போயிற்று’ என்று ஒரு வரி இருந்தது. பாண்டி என்பது இப்பகுதியில் தமிழரைத் தாழ்த்திச் சொல்லும் சொல். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது வீடுகளுக்கு நடுவே. அவ்வரியை எழுதியவர் வீட்டிலும் தமிழே பேசுகின்றனர்.

நான் அதை அடிக்கவில்லை. கருவியை இருபது முறை இயக்கி, வருவதை உரக்கப் படிக்கச் சொன்னேன். அவ்வரி நான்கு முறை வந்தது. முதல் முறை சிரிப்பு. இரண்டாம் முறை சிலர் சிரித்தனர். நான்காம் முறை படிக்க வேண்டியவர் நிறுத்திவிட்டு, “இது தானாக வருகின்றது, ஐயா, நான் என்ன செய்ய?” என்றார். தானாக வந்தது எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எதிரே எதை எழுதுவது என்று பகடை சொல்லவில்லை.

இதை விளக்க உத்திரமேரூருக்குப் போக வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூரில் உள்ளன. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க, 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரிலிருந்து தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் கையை விட்டு ஓலையை எடுத்தான். எடுத்தது தற்செயல்; அதில் ஒருவரும் தலையிட முடியாது. ஆனால் குடத்தில் எவர் பெயர் விழலாம் என்பது தற்செயலன்று. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருத்தல் வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் கூடாது. கணக்குக் காட்டாதவரை விலக்கிய அறிவை நாம் இன்றும் வியக்கின்றோம். நிலமற்றவர் பெயரோ சிறுவன் ஆயிரம் முறை கையை விட்டாலும் வெளியே வந்திராது. அது உள்ளேயே இல்லை.

அம்மாணவர் மறுநாள் வரியை மாற்றிக்கொண்டு வந்தார்: ‘லாரி ஒன்று பழுதாகி நிற்கின்றது, ஓட்டுநர் தண்ணீர் கேட்கின்றார், எம்மொழியில் கேட்கின்றார் என்பதைப் பகடையை மீண்டும் உருட்டி அறிக.’ ஓர் அட்டவணை இன்னோர் அட்டவணைக்கு அனுப்பும் முறையை நான் அதுவரை கற்பித்திருக்கவில்லை. மறுபடி உருட்டியபோது மலையாளம் விழுந்தது. அதற்கு மறுநாள் தமிழ் விழுந்தது. இருமுறையும் நால்வரும் தண்ணீர் கொடுத்தனர். இரண்டாம் முறை ஓட்டுநர் பதிலுக்கு அவர்களைக் காரக்கோணம்வரை ஏற்றிச் சென்றார். யானை வரவேயில்லை.

பயிற்சி

1. தாய ஆட்டத்தில் 1, 5, 6, 12 ஆகியவை விழுந்தால் மீண்டும் உருட்டலாம். ஒருமுறை உருட்டும்போது இவற்றுள் ஒன்று விழுவதற்கான வாய்ப்பு 16இல் எத்தனை?

2. கிணறு, பாலம், கன்று, முள், கிளி, தேங்காய் ஆகிய பெயர்களுடன் ‘ஐ’, ‘ஆல்’ சேர்த்து எழுதுக. எவ்விரு சொற்களுக்கு ஒரே விதி பொருந்துகின்றது?

3. பாடத்திலுள்ள அட்டவணையின் பதினொரு வரிகளுக்கும் எதிரே வந்தது, வந்தார், வந்தனர், கிடந்தது முதலியவற்றுள் பொருந்தும் வினைமுற்றை எழுதுக. மூன்றாம் வரிக்கு எதை எழுதினீர்கள்? ஏன்?

4. உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம்வரை உள்ள வழிக்கு இரு பகடை அட்டவணை ஒன்று எழுதுக. இருபது முறை உருட்டி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுக. அதன்பின் நீங்கள் மாற்ற விரும்பிய வரி எது என்பதைப் பழைய வடிவத்தோடும் புதிய வடிவத்தோடும் எழுதி வருக.